பாலத்துக்குக் கூரை எதற்கு?

பயணிகள் நனையாமல் இருக்க என்றுதான் பலரும் நினைப்போம். உண்மையில், மரச்சட்டங்கள் மழையில் ஊறி உளுத்துப்போகாமல் இருக்கத்தான்! அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், வடக்கு பிளென்ஹைம் கிராமத்தில் 1855-ல் நிக்கோலஸ் பவர்ஸ் கட்டிய பாலமும் அப்படித்தான், நீளமான மரவீடு மாதிரி இருந்தது. ஸ்கோஹாரி ஓடையின் நடுவே ஒரு தூண்கூட இல்லாமல் சுமார் 210 அடி! 'இது நிற்காது' என்று ஊர் சிரித்ததாம். சாரத்தைப் பிரித்தபோது பவர்ஸ் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார் என்று ஒரு கதை உண்டு. வேலைமேல் அவ்வளவு நம்பிக்கை!

1930-களில் பக்கத்திலேயே இரும்புப் பாலம் வந்தது. ஆனாலும் இதை இடிக்காமல் நினைவுச்சின்னமாக வைத்திருந்தார்கள். மழைக்கும் பனிக்கும் 156 வருடம் ஈடுகொடுத்த பாலத்தை, 2011 ஆகஸ்ட் 28-ல் ஐரீன் புயல் வெள்ளம் ஒரே நாளில் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஊர் விடவில்லை. அதே மாதிரி மரப்பாலத்தை, முன்பைவிட உயரமாக, 2018-ல் மறுபடி கட்டி முடித்தார்கள்.