யோவில்டனில் ஒரு பின்னிருக்கை

தென்மேற்கு இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில், மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே யோவில்டன் கடற்படை விமானத்தளம். அதை ஒட்டி ஓர் அருங்காட்சியகம். உள்ளே நுழைகிறவர்கள் கான்கார்டைத் தேடிப் போகிறார்கள். நான் தேடிப்போனது இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் கடற்படைச் சண்டை விமானமான ஃபேரி ஃபுல்மரை. 600 செய்தார்கள், முழுசாக மிஞ்சியது இது ஒன்றுதான். அதுவும் தலைப்பிள்ளை: 1940 ஜனவரியில் முதன்முதலாகப் பறந்த அதே விமானம்.

கிட்டே போனதும் மலைப்பு. சண்டை விமானம் இவ்வளவு பெரிசா? ஸ்பிட்ஃபயருக்குப் போட்ட மெர்லின் எஞ்சின் வகைதான், ஆனால் உடம்பு 12 மீட்டர் நீளம். குண்டுவீச்சுக்கென்று வரைந்ததைச் சண்டைக்கு மாற்றினால் வேறெப்படி இருக்கும்? முதல் ரகம் மணிக்கு 400 கிலோமீட்டரைத் தொடவே திணறும். துரத்த வேண்டிய ஜெர்மானிய யுங்கர்ஸ் 88 குண்டுவீச்சு விமானம் அதைவிட வேகம்!

விமானியின் தலைக்குப் பின்னால் கண்ணாடிக் கூண்டு நீண்டுகொண்டே போகிறது. கடைசியில் இன்னோர் இருக்கை, துப்பாக்கி இல்லாமல். எட்டு பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கிகளும் இறக்கைகளில், முன்னோக்கி. எதிரி வாலில் வந்து ஒட்டிக்கொண்டால் பின்னால் இருப்பவர் என்ன செய்வார்? சிலர் டாமி துப்பாக்கி எடுத்துப் போனார்களாம். கழிவறைக் காகிதத்தைக் கட்டுக் கட்டாக வீசி மிரட்டிய கதையும் உண்டு. நம்பத்தான் ஆசை.

பிறகு எதற்கு அந்த ஆள்? வழி சொல்ல. நடுக்கடலில் அடையாளத்துக்கு மலையா, கோபுரமா? கிளம்பிய விமானந்தாங்கிக் கப்பலும் அதே இடத்தில் நிற்காது. நாலு மணி நேரம் காவல் சுற்றிவிட்டு அதைக் கண்டுபிடித்துத் திரும்ப, வரைபடமும் வானொலியுமாக ஒருவர் வேண்டும் என்று கடற்படை நினைத்தது. அந்த நினைப்பை என்னால் குறைசொல்ல முடியவில்லை. ஃபுல்மர் சுமந்த தோட்டாவும் ஸ்பிட்ஃபயரைவிட இரண்டு மடங்குக்கு மேல். மால்டாவுக்குப் போன கப்பல் அணிகளை இத்தாலிய விமானங்களிடமிருந்து காத்ததில் ஃபுல்மருக்குப் பெரும்பங்கு உண்டு. போர் முடிவில் 112 எதிரி விமானங்கள் இதன் கணக்கில்.

ஒற்றை இருக்கைச் சண்டை விமானங்களிடம் சிக்கினால் மட்டும் கதை வேறு. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பானியர் கொழும்பைத் தாக்கினார்கள். அருகிலுள்ள ரத்மலானையிலிருந்து எழும்பிய ஃபுல்மர்களில் நான்கை ஜப்பானிய ஜீரோ சண்டை விமானங்கள் வீழ்த்தின.

இத்தனைக்குப் பிறகும் ஃபேரி நிறுவனம் அடுத்துச் செய்த சண்டை விமானமான ஃபயர்ஃப்ளைக்கும் இரண்டு இருக்கைதான். அது கொரியப் போர் வரை பறந்தது. சில இந்தியக் கடற்படைக்கும் வந்தன. அவற்றில் ஒன்று கோவா கடற்படை விமான அருங்காட்சியகத்தில் நிற்கிறது. யோவில்டன் வரை போக முடியாதவர்கள் அதைப் பார்க்கலாம்.