ஓட்டல் கணக்கு

நம் ஊரில் ஓட்டல் என்றால் இட்லியும் காப்பியும் கிடைக்கும் இடம். ஆஸ்திரேலியாவில் அப்படியன்று. அங்கே பழைய பப்புகள் பலவற்றின் நெற்றியில் ‘ஓட்டல்’ என்றே எழுதியிருக்கும். குடிக்க இடம் கொடுப்பவன் வழிப்போக்கன் படுக்கவும் இடம் கொடுக்க வேண்டும் என்று முற்காலத்தில் இருந்த விதியின் மிச்சம் அது. என் அண்ணன் குவீன்ஸ்லாந்தில் ஒரு சிற்றூர் ஓட்டலில் வேலை செய்கிறான் என்று அம்மா அக்கம்பக்கத்தில் பெருமையோடு சொல்வாள். சொல்லில் பொய் இல்லை. அந்த ஓட்டலை ஒட்டிய புட்டிக்கடையில் அவன் நிற்கிறான் என்பது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். இந்த மலர் சேலம் வரை போகாது என்ற துணிவில் எழுதுகிறேன். அவன் அனுப்பும் பணத்தில்தான் இந்த வடநாட்டு விடுதியில் உண்கிறேன், வேதியியல் படிக்கிறேன்.

குவீன்ஸ்லாந்தில் புட்டிக்கடை நடத்தப் பொதுவாகப் பப் உரிமம் வேண்டும். ஆகவே பெரிய கடைக் குழுமங்களே பப்புகளை விலைக்கு வாங்கிப் புட்டிக்கடைகள் திறந்தன. சென்ற ஆண்டு அண்ணன் ஊரிலும் அப்படி ஒன்று வந்தது. விற்பனை சரிந்தது. “விலையில் 10 விழுக்காடு குறைப்போம், அதற்கும் இலாபம் வராவிட்டால் கடையை மூடிவிட்டுப் பப்பை மட்டும் வைத்துக்கொள்வேன்” என்றாராம் முதலாளி.

“டேய், மூன்று மாதக் கணக்கு அனுப்பியிருக்கிறேன். பார்த்து ஒரு வழி சொல்லு” என்றான் அண்ணன் தொலைபேசியில். கடை மூடினால் அவன் வேலை போகும். என் படிப்பும் ஆடும். ஆனால் மது விற்க நான் வழி சொல்வதா? 1937-இல் இராஜாஜி முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்த மாவட்டம் எங்களுடையது. அந்தக் காலத்துக் கதைகளைப் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். இரண்டு நாள் அந்தக் கணக்கைப் பிரிக்கவே இல்லை. மூன்றாம் நாள் பிரித்தேன்.

முதலில் விலைக்குறைப்பைப் பார்த்தேன். வரி நீங்கலாக 48 டாலர் அடக்கமுள்ள ஒரு பெட்டி பீரை 60-க்கு விற்றால் இலாபம் 12. விலையை 10 விழுக்காடு குறைத்தால் 54, இலாபம் 6. விலையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் இலாபத்தில் பாதி போய்விடுகிறது! பழைய இலாபத்தை எட்டவே இரண்டு மடங்கு பெட்டிகள் விற்க வேண்டும். ஊரில் வாய்கள் இரண்டு மடங்காகவில்லையே! கொள்முதலில் பெருங்கடையோடு மோத முடியாதவன் விலையில் மோதக்கூடாது.

அடுத்து, ஆய்வுக்கூடத்தில் நாம் நாள்தோறும் செய்வதைச் செய்தேன். உள்ளே போன பொருளும் வெளியே வந்த பொருளும் சரியாக வேண்டும் அல்லவா? தொடக்க இருப்போடு கொள்முதலைக் கூட்டி, விற்றதைக் கழித்தால் மீதி அலமாரியில் இருக்க வேண்டும். இல்லை! திருட்டோ என்று அஞ்சினேன். அண்ணன் விசாரித்ததில் உண்மை தெரிந்தது. பப்பில் சரக்குத் தீரும்போதெல்லாம் பக்கத்துப் புட்டிக்கடையிலிருந்து எடுத்துப்போயிருக்கிறார்கள், எழுதவில்லை. குளிரறை இருவருக்கும் பொது. மின்கட்டணமோ கடையின் தலையில். நட்டம் கடையினுடையது, இலாபம் பப்பினுடையது!

மூன்றாவது, உறங்கும் சரக்கு. 100 டாலருக்கு வாங்கிய பீர், 25 இலாபத்தில் மாதம் ஒருமுறை விற்றுத் திரும்பினால் ஆண்டுக்கு 300. அதே 100 டாலருக்கு வாங்கிய உயர்ந்த திராட்சை மது, 60 இலாபம் தந்தாலும், விற்க இரண்டாண்டு ஆனால் ஆண்டுக்கு 30 தான். அப்படிப்பட்ட புட்டிகளைப் பப்பின் உணவறையில் கோப்பைக் கணக்கில் விற்றுத் தீர்க்கச் சொன்னேன். புட்டி பீரின் மீதான வரி பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் விலைவாசிக்கேற்ப ஏறும். அன்றே விலைச்சீட்டை மாற்றாவிட்டால் இலாபம் ஓசையின்றிக் கரையும் என்றும் எழுதினேன்.

இவற்றால் எவரும் ஒரு கோப்பை கூடுதலாகக் குடிக்கப் போவதில்லை. அந்த நிறைவில் கடிதத்தை முடிக்க இருந்தபோது அண்ணன் இன்னொன்று கேட்டான். குளிர்ந்த ஒற்றை டப்பாக்களைக் கல்லாவுக்கு அருகில் வைத்தால் நன்றாக விற்குமா?

விற்கும். அது கணக்கிலேயே தெரிந்தது. கடை திறந்தவுடன் ஒன்று, மாலையில் மூன்று என்று நாள் தவறாமல் ஒரே மாதிரி விற்பனை. “யார் அண்ணா அது?” என்றேன். “ஒரு பெரியவர். பெண்டாட்டி போனதிலிருந்து இப்படித்தான். தள்ளாடி வந்தால் சட்டப்படி கொடுக்கக்கூடாது; அவர் தள்ளாடுவதே இல்லையே” என்றான். “அதை மட்டும் நான் எழுதமாட்டேன், அண்ணா” என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

விலை குறையவில்லை. பப் எடுப்பதைப் பப்பின் கணக்கில் எழுதத் தொடங்கியதும் கடைக்கு நட்டமே இல்லை என்று தெரிந்தது. கடை நிற்கிறது. ஆனால் என் யோசனை இல்லாமலே முதலாளி டப்பாக்களைக் கல்லாவுக்கு அருகில் கொண்டுவந்துவிட்டார். போன மாதத் தாளில் காலை விற்பனை ஒன்று இரண்டாகியிருக்கிறது. அந்த இலாபத்தில் ஒரு துளி என் விடுதிக் கட்டணத்திலும் கலந்திருக்கும். அதைப் பிரித்தெடுக்க எந்த வேதியியலும் இல்லை.

பொருள் செயல்வகையையும் கள்ளுண்ணாமையையும் வள்ளுவர் ஒரே பொருட்பாலில் வைத்தார். இரண்டும் ஒரே கல்லாவில் சந்திக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்போலும்! என் படிப்பு முடிய இன்னும் ஓராண்டு. முதற்சம்பளம் வாங்கிய அன்றே அண்ணனை வேறு வேலை தேடச் சொல்வேன். அதுவரை மாதந்தோறும் தாள் வரும். முதலில் நான் பார்ப்பது இலாபத்தை அன்று. காலையில் விற்ற டப்பாக்களின் எண்ணிக்கையை.