காவலும் கணக்கும்

ஊராள வருவோரை ஊரார் எவ்வாறு நம்புவது? உத்திரமேரூர்ச் சபையார் வெறுமனே நம்பிவிடவில்லை, விதி வகுத்தார்கள். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 921-இல் பொறித்த கல்வெட்டின்படி, குடவோலையால் தேர்வான வாரியத்தாரின் பதவி 360 நாள்களே. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் குடத்தில் பெயரிடத் தகாதவர்.

நாம் வாழும் தெருவிலும் ஓர் ஒழுங்குக் குழு உண்டு. குப்பை கொட்டுவோரைக் கண்காணிக்க ஒருவர், அவரைக் கண்காணிக்க இருவர், பெருக்கத்தான் ஆளில்லை. அபராதப் பணத்துக்குக் கணக்குக் கேட்டோம். ஒழுங்கைக் குலைத்தோமென்று நமக்கே அபராதம் விதித்தார்கள்!

அரபு மொழியில் கணக்கு என்பது 'ஹிஸாப்'. அந்நாளில் அங்காடிகளைக் கண்காணித்த 'முஹ்தஸிப்' என்பாரின் பெயரும் அதே வேர்ச்சொல்லில் பிறந்ததாகும். கணக்கை மறந்த காவல், வேரறுந்த மரமே!