கரண்ட் வைக்கும் அறையில் ஒரு காலை
(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு)

எங்கள் வகுப்பில் மதிய உணவுக்கு எட்டுப் பேர் வட்டமாக அமர்வது வழக்கம். சென்ற செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் அந்த வட்டம் சற்றே நெளிந்து போயிற்று. எங்கள் தோழி ஒருத்தியின் தாயாருக்கு மார்பில் புற்றுநோய் கண்டு, அறுவை முடிந்து, இப்போது 'கரண்ட் வைக்கிறார்கள்' என்று அவளே சொன்னாள். அன்றிலிருந்து அவள் கொண்டுவரும் புளிச்சோற்றில் நாங்கள் கை வைக்கவில்லை. பசியில்லை, வயிறு சரியில்லை என்று ஆளுக்கொரு சாக்கு. கதிரை வாங்கிய கை பிசைந்த சோறு அல்லவா! எங்களுக்குள் இப்படித்தான் பேசிக்கொண்டோம். மறைக்காமல் எழுதுகிறோம்.

இதை எப்படியோ அறிந்த எங்கள் அறிவியல் ஆசிரியை அருட்சகோதரி எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. காலாண்டு விடுமுறையில் ஒரு நாள், எங்களில் ஐவரை நம் பள்ளியின் பழைய மாணவி ஒருவரிடம் அழைத்துச் சென்றார். அவர் ஒரு மருத்துவமனையின் கதிர்சிகிச்சைப் பிரிவில் மூத்த மருத்துவ இயற்பியலாளர். "டாக்டர் அக்கா" என்று அழைத்தோம். "நான் டாக்டர் இல்லையம்மா. எவ்வளவு கதிர் என்று டாக்டர் எழுதுவார். அந்த அளவு, அந்த இடத்தில்தான் விழுகிறதா என்று பார்ப்பது என் வேலை" என்றார். அண்ணா பல்கலைக்கழகத்தில் மருத்துவ இயற்பியல் படித்தவராம். ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் 41 மதிப்பெண் வாங்கியதாக அவர் சொன்னதும் எங்களில் மூவருக்கு முகம் மலர்ந்தது. சகோதரி மட்டும் இருமினார்.

அந்த அறையின் சுவர் ஒன்றரை மீட்டருக்கும் கனமான கான்கிரீட். உள்ளே 'லினாக்' என்னும் எந்திரம். எலக்ட்ரான்களை மிக வேகமாக ஓடவிட்டு, ஓர் உலோகத்தில் மோதச்செய்து எக்ஸ் கதிர் எடுக்கிறார்கள். நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். முன்பு அங்கிருந்த கோபால்ட்-60 அப்படியல்லவாம். அதை மூடி வைக்கலாமே தவிர அணைக்க முடியாது. 5.27 ஆண்டில் அதன் வலிமை பாதியாகிவிடும். இன்று 2 நிமிடம் போதுமென்றால் அப்போது 4 நிமிடம் வேண்டும். மாதத்துக்கு ஏறத்தாழ 1 சதவீதம் குறைந்துகொண்டே வருவதால், சிகிச்சை நேரத்தை மாதந்தோறும் திருத்த வேண்டுமாம்.

எங்களில் ஒருத்தி மெல்லிய குரலில், "அக்கா, கரண்ட் வைத்தவர்களிடமிருந்து கதிர் நமக்கு வருமா?" என்று கேட்டுவிட்டாள். "டார்ச்சை அணைத்த பிறகு சுவரில் வெளிச்சம் ஒட்டிக்கொண்டிருக்குமா?" என்று திருப்பிக் கேட்டார் அக்கா. வெளியிலிருந்து பாயும் கதிர் அந்த நொடியோடு சரி. புற்றுநோயும் தொட்டால் ஒட்டாது. நாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அன்று வாரச் சோதனை. நம் உடலில் பெரும்பகுதி நீர் என்பதால், நீர்த்தொட்டிக்குள் சுண்டுவிரல் போன்ற அயனிக்கலத்தை வைத்துக் கதிரை அளந்தார்கள். ஏறத்தாழ 3 சதவீதம் குறைவு! இளைய இயற்பியலாளர், "எந்திரத்தைக் கொஞ்சம் கூட்டிவிடலாமா மேடம்?" என்றார். "முதலில் ஏன் என்று தெரியட்டும். அதுவரை யாரையும் உள்ளே அனுப்பாதீர்கள்" என்றார் அக்கா. வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். "என்ன, கரண்ட் போயிடுச்சா?" என்று ஒரு தாத்தா சத்தம் போட்டார்.

அக்கா வெப்பமானியைத் தொட்டி நீரில் இட்டார். அறை 22 டிகிரி. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து அப்போதுதான் பிடித்த நீரோ 30 டிகிரி. கலத்தினுள் இருந்த காற்று சூடேறி அடர்த்தி குறைந்திருக்கிறது. கணக்கிலோ அறையின் வெப்பத்தை எழுதிவிட்டார்கள். நாங்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்த சார்லஸ் விதியேதான்! நீரின் வெப்பத்தைப் போட்டதும் அளவு சரியாக வந்தது. எந்திரத்தைக் கூட்டியிருந்தால் அன்று வந்த அத்தனை பேருக்கும் மிகுதியாகப் போயிருக்கும். நாளுக்கு 2 கிரே வீதம் 25 நாளில் 50 கிரே என்று பகுத்துக் கொடுப்பதே நல்ல செல்கள் இடையில் தேறிக்கொள்ளத்தான். அதில் 3 சதவீதம் சிறிதல்ல என்றார்.

இருபத்தைந்து நிமிடம் கழித்து வெளியே வந்தோம். காத்திருந்தவர்களில் எங்கள் தோழியின் தாயாரும் இருந்தார். தலையில் ஸ்கார்ஃப். எங்களைக் கண்டதும் பையிலிருந்து கடலை உருண்டை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார். வாங்கித் தின்றோம். பிறகு அவர், "ஏன் கண்ணுகளா, புளிச்சோத்துல உப்பு அதிகமா இருக்கா? கொஞ்ச நாளா டப்பா அப்படியே திரும்பி வருதே. எனக்கு இப்ப ருசி சரியா தெரியல" என்றார். எங்களில் ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. சகோதரியும் உதவிக்கு வரவில்லை. அதற்குள் அவர் பெயரை அழைத்துவிட்டார்கள். கனத்த கதவு மூடிற்று. உள்ளே அவர் ஒருவர் மட்டுமே. வெளியே திரையின் முன் அக்காவும் இன்னொருவரும் கண் எடுக்காமல் நின்றார்கள். அதைப் பார்க்க எங்களுக்கு அனுமதியில்லை.

விடுமுறை முடிந்த முதல் நாள் அவள் டப்பாவைத் திறந்ததும் ஏழு கைகள் விழுந்தன. அவளுக்கு ஒரு கவளமும் மிஞ்சவில்லை; எங்கள் சோற்றைக் கொடுத்தோம். இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அவளிடம் காட்டினோம். இருமுறை வாசித்தாள். "என் பெயரைப் போடாதீர்கள்" என்றாள். சற்றுக் கழித்து, "உப்பு சரியாகத்தான் இருந்ததென்று அம்மாவிடம் நீங்களே வந்து சொல்லுங்கள்" என்றாள். இந்த ஞாயிறு போகிறோம்.