பொன்முடியில் வண்டிகள் நிற்குமிடம்

திருவனந்தபுரத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தினராகிய நாம், ஊரிலிருந்து உறவினர் வந்தால் தவறாது அழைத்துச் செல்லுமிடம் பொன்முடி. நெடுமங்காடு, விதுரா, கல்லாறு கடந்து, 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் உச்சி. ஏற இறங்க வழி அது ஒன்றே, அகலமும் சொற்பம். விடுமுறை நாளில் வளைவோரங்களில் கார்கள் நின்றுவிட்டால், நீண்ட பஸ் திரும்ப இடமேது? கார் இல்லாத குடும்பங்களை ஏற்றிவருவது அந்தப் பஸ்தான். மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் உழைப்பவர் நோயுற்றால் விதுரா ஆஸ்பத்திரிக்கு இறங்குவதும் அவ்வழியேதான்.

பாதையை அகலமாக்கலாமே என்பர். மழைக்காலத்தில் மண் சரியும் மலையை மேலும் வெட்டுவது தகுமா?

சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி, நீலகிரியிலும் கொடைக்கானலிலும் 2024 மே 7 முதல் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. அது கணக்கெடுக்க உதவும். மேலேறிய வண்டி எங்கே நிற்பது என்பதற்கு விடையாகாது. மும்பைக்கு அருகே மாதேரானிலோ, வெளியார் கார்கள் தஸ்தூரியோடு நின்றுவிடுகின்றன. அப்பால் கால்நடை, குதிரை, சிற்றிரயில்.

அம்முறையே நமக்கும் உகந்தது என்போம். உல்லாசமாய் வருவோர் கார்களைக் கல்லாற்றில் நிறுத்தி, அங்கிருந்து சிறு பஸ்களில் ஏறட்டும். தோட்டத்தார் வண்டிகளுக்குத் தடை வேண்டா. நிறுத்தக் கட்டணம் கார்காரரிடம் வாங்கி, பஸ் கட்டணத்தைக் குறைக்கலாம். உச்சியில் வண்டிகள் அடைக்கும் சமதளத்தில் முதியோர் அமரத் திண்ணையும், மழைக்கு ஒதுங்கக் கூரையும், குழந்தைகள் ஓட வெளியும் அமையட்டும். பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறிவருவதைக் கார்களின் முதுகுக்கு மேலாக எட்டிப் பார்க்க வேண்டியிராது.