தேய்ந்த இடத்தில் பாருங்கள்

பழைய நகாசு ரிவால்வர் சேர்க்கும் ஆசையோடு வருகிறவர்கள் கையில் முதலில் கோல்ட் கம்பெனியின் ஒரு 1851 நேவி ரிவால்வரைத்தான் கொடுப்பேன். சிலிண்டரைச் சுற்றிப் பாய்மரக் கப்பல்களும் பீரங்கிப் புகையும் இருக்கும். "அடேயப்பா, என்ன கைவேலை!" என்பார்கள். அது கைவேலையே இல்லை. 1843 மே 16 அன்று டெக்சாஸ் கப்பற்படை மெக்சிகோ கப்பல்களோடு மோதிய காட்சி அது. வங்கி நோட்டு அச்சடிக்கத் தகடு செதுக்கிய வாட்டர்மன் ஆர்ம்ஸ்பி வெட்டிய அச்சை, சிலிண்டர் மேல் அழுத்தி உருட்டிப் பதித்தார்கள். ஹார்ட்ஃபோர்டு தொழிற்சாலையில் இரண்டு லட்சத்துக்கு மேல் நேவி செய்தார்கள். சாதாரணத் துப்பாக்கியிலும் இதே கப்பல்கள்தான். உளி வேலை பார்க்க வேண்டுமென்றால் குழலின் பக்கங்களையும் சிலிண்டர் உட்கார்ந்திருக்கும் சட்டத்தையும் பிடியின் முதுகுப் பட்டையையும் பார்க்க வேண்டும்.

உளி பிடித்தவர்களில் பெரிய கைகள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. கஸ்டவ் யங் கோல்ட்டுக்கு வேலை செய்தார்; பிறகு ஸ்பிரிங்ஃபீல்டில் ஸ்மித் அண்ட் வெஸன் கம்பெனிக்குப் போனார். கூனோ ஹெல்ஃப்ரிக்ட் 1871 முதல் 1921 வரை, ஐம்பது வருடம், கோல்ட்டின் செதுக்கு வேலைக்குத் தலைமை. நியூயார்க்கில் லூயி நிம்ஷ்கி தனியாகப் பட்டறை நடத்தினார். முடித்த வேலைகளிலிருந்து தாளில் மைப்படி எடுத்து ஒரு நோட்டில் ஒட்டிவைத்தார். 1965-இல் அது புத்தகமாக வந்தது. எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர் அந்தப் படிகளை மெல்லிய தாளில் பென்சிலால் திரும்பத் திரும்ப வரையச் சொல்வார். சுருள் எங்கே தொடங்கி எந்தப் பக்கம் திரும்புகிறது, இலை நுனி எங்கே முடிகிறது என்பது பென்சில் பிடித்த விரலுக்குத்தான் முதலில் தெரிகிறது, கண்ணுக்கு அப்புறம்தான். நல்ல கையெழுத்தைப் போல, நல்ல செதுக்கிலும் தயக்கம் இருக்காது. போலி செய்கிறவன் வளைவில் உளியை நிறுத்தி மறுபடி தொடங்கியிருப்பான். பத்து மடங்கு லென்ஸில் அந்த முடிச்சு தெரியும்.

ஆனால் கை நல்ல கையாக இருந்தால் மட்டும் போதாது. காலமும் பொருந்த வேண்டும். சாதாரணப் பழைய துப்பாக்கியில் போன வருடம் நகாசு வெட்டி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் நிஜமாகவே நன்றாக வெட்டுவார்கள். அதனால் நான் பளபளப்பான இடத்தை விட்டுவிட்டுத் தேய்ந்த இடத்துக்குப் போவேன். தோலுறையில் நுழைந்து நுழைந்து குழல் வாய் தேய்ந்திருக்கும். அங்கே நீலப் பூச்சு போயிருந்தால் செதுக்கிய கொடியும் மழுங்கியிருக்க வேண்டும். பூச்சு போய், கொடி மட்டும் விரலை உரசுகிற கூர்மையோடு இருந்தால் சந்தேகப்படுங்கள். துருக்குழி ஒரு கோட்டின் குறுக்கே வந்தால் இன்னும் நல்லது: துரு கோட்டைத் தின்றிருக்கிறதா, கோடு குழிக்குள் இறங்கி ஏறுகிறதா? இறங்கி ஏறினால் துருவுக்குப் பிறகுதான் உளி வந்திருக்கிறது.

1873-இல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரில் இன்னொரு சோதனை. அதன் சட்டத்தை எலும்புக் கரியோடு சேர்த்துச் சூடேற்றிக் கடினமாக்குவார்கள். செதுக்கு வேலை அதற்கு முன்பே முடிந்துவிடும். கடினமான பிறகு வெட்ட வேண்டுமானால் மறுபடி சூடுகாட்டி இளக்க வேண்டும். பழைய நிறமெல்லாம் போய்விடும். பிறகு மெருகேற்றும்போது திருகுத் துளைகளின் விளிம்பு குழிந்துபோகும். சட்டத்தின் இடப்பக்கத்தில் காப்புரிமைத் தேதிகள் இருக்கும். தெரிந்த கை அந்த எழுத்துக்கு இடம் விட்டுச் சுற்றிப் போகும். தேதியின் மேலேயே கொடி படர்ந்திருந்தால் துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுங்கள்.

கம்பெனிக் கணக்கேட்டைப் பார்த்து எழுதித் தரும் கடிதம் உதவும். ஆனால் அதில் செதுக்கு பற்றி ஒன்றும் இல்லாததாலேயே போலி என்று ஒரு நண்பர் நல்ல துப்பாக்கியை விட்டுவிட்டார். ஏட்டில் 'சாஃப்ட்' என்று இருந்ததை அவர் கவனிக்கவில்லை. கடினமாக்காமல் வியாபாரிக்கு அனுப்பியது என்று அர்த்தம். வாங்கியவர் வெளியே கொடுத்துச் செதுக்கிக்கொள்வதற்காக.

பெயர் பெற்ற ஆளின் துப்பாக்கி என்று கதை சொல்வார்கள். அப்படிப் பெயர் பெற்ற பேட் மாஸ்டர்சன் 1885-இல் டாட்ஜ் சிட்டியிலிருந்து கோல்ட்டுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. நிக்கல் பூச்சு கேட்டிருக்கிறார்; முன்குறி கொஞ்சம் உயரமாகவும் தடிமனாகவும் வேண்டும் என்கிறார். கொடியும் பூவும் கேட்கவில்லை.

பிடியையும் பாருங்கள்: தந்தப் பிடியின் அடிப்பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாக வளைந்த ரேகைகள் இருக்கும், பிளாஸ்டிக்கில் இருக்காது. 2016-க்குப் பிறகு அமெரிக்காவில் தந்த விற்பனைக்குக் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது. நூறு வருடப் பழமைக்குச் சான்று இல்லாமல் தொடாதீர்கள்.

வாங்கிவிட்டால் குதிரையைச் சும்மா இழுத்து இழுத்து விடாதீர்கள். சிலிண்டரைச் சுற்றி ஒரு கோடு விழுந்துவிடும். எஃகுக் கம்பளி வேண்டவே வேண்டாம். பழைய பருத்தித் துணியும் கொஞ்சம் மெழுகும் போதும். மழுங்கிய கொடியை மறுபடி வெட்டிக் கூராக்கித் தருகிறேன் என்று யாராவது வருவார். எவ்வளவு நல்ல கையாக இருந்தாலும் கொடுக்காதீர்கள்.