ஐந்தாம் துளை

1976ஆம் ஆண்டு. ஐந்தாம் படிவத் தேர்வை எழுதி முடித்துவிட்டு, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் அழைப்பை எதிர்பார்த்துக் காத்திருந்த காலம். தந்தையார் கிள்ளானுக்கு அருகே ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தார். வீட்டில் எனக்குக் கீழே மூவர். சும்மா இருந்து சோறு உண்ண மனம் ஒப்பவில்லை. உறவினர் ஒருவரின் சிபாரிசால் கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில், எனக்கு ஒரு வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 150 வெள்ளி. வேலை, தொலைபேசிப் பலகையின் முன் அமர்ந்திருப்பது.

அந்த மாடி செட்டியார் ஒருவருக்குச் சொந்தம். அதை அவர் ஐந்து அறைகளாகத் தடுத்து ஐவருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். முதல் அறையில் வழக்குரைஞர். இரண்டாவதில் காப்புறுதி முகவரான ஓர் இளைஞர். மூன்றாவதில் துணி இறக்குமதி செய்யும் சீனத் தவுக்கே. நான்காவதில் துறைமுகத்திலிருந்து சரக்குகளை விடுவித்துத் தரும் முகவர். ஐந்தாவதில், படிக்கட்டை ஒட்டிய மிகச் சிறிய அறையில், தோட்டத் தமிழ்ப்பள்ளிகளுக்குப் பாடநூல்களும் பயிற்சி நூல்களும் அனுப்பிவந்த ஒரு முதியவர். மூன்று மொழிகள், ஐந்து தொழில்கள். தொலைபேசி மட்டும் ஒன்று.

அந்நாளில் தொலைபேசி பெறுவது எளிதன்று. இலாகாவுக்கு விண்ணப்பம் எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆகவே செட்டியார் தம் பெயரில் இரண்டு கம்பிகளை வாங்கி, ஒரு சிறு இணைப்புப் பலகையை வைத்து, அதிலிருந்து ஐந்து அறைகளுக்கும் கிளைத் தொலைபேசி கொடுத்திருந்தார். மாதக் கட்டணத்தை ஐவரும் சமமாகப் பகிர்ந்துகொள்வர். தொலைதூர அழைப்புகளுக்கு அவரவர் பேசிய அளவுக்குத் தருவர். இதுதான் ஏற்பாடு.

அப்பலகையைப் பார்த்திராத இன்றைய மாணவர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். நிமிர்த்தி வைத்த மரப்பெட்டி ஒன்று. அதன் முகத்தில், வெளிக்கம்பிகளுக்கு இரண்டு துளைகள். அறைகளுக்கு ஐந்து துளைகள். ஒவ்வொரு துளைக்கும் மேலே விரல்நகம் அளவிலான ஒரு சிறு மூடி. வெளியிலிருந்து அழைப்பு வந்தால் மூடி விழும், மணி ஒலிக்கும். நான் ஒரு கயிற்றின் முனையை அத்துளையில் செருகி, "வணக்கம், யார் வேண்டும்?" என்று கேட்பேன். பிறகு அதன் இணைக்கயிற்றை உரியவரின் துளையில் செருகி, விசையை அழுத்தி, அவர் அறையில் மணி அடிக்கச் செய்வேன். இருவரும் பேசத் தொடங்கியதும் விசையை விடுத்து விலகிக்கொள்ள வேண்டும். விலகாமல் இருந்தால் அவர்கள் பேசுவதெல்லாம் என் காதில் விழும். விலகினேனா இல்லையா என்பதைப் பேசுகிறவர் அறியார், நான்தான் அறிவேன்.

பத்தொன்பது வயதில் எனக்கு அது ஒரு விளையாட்டாகவே தோன்றியது. அந்த இருக்கையில் எவ்வளவு அதிகாரம் இருந்தது என்பதைப் பின்னாளில்தான் உணர்ந்தேன். தானியங்கித் தொலைபேசி இணைப்பகத்துக்கு 1891இல் காப்புரிமை பெற்றவர் பொறியியலாளர் அல்லர். ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்னும் அமெரிக்கர், கன்சாஸ் நகரில் இறுதிச் சடங்குத் தொழில் நடத்தியவர். தமக்கு வரவேண்டிய அழைப்புகளை இணைப்பகத்துப் பெண் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறாள் என்று ஐயுற்று, இடையில் ஆளே இல்லாத கருவியை உருவாக்க முனைந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. அடுத்த ஆண்டே இந்தியானா மாநிலத்து லா போர்ட் நகரில் அவருடைய முறையில் இணைப்பகம் திறக்கப்பட்டது. இடையில் இருப்பவன்மேல் ஒருவருக்கு ஏற்படும் ஐயம் ஒரு புதிய கருவியையே பிறப்பிக்கக்கூடும் என்பதற்கு அக்கதை சான்று.

ஐவருக்கு இரண்டு கம்பிகள் எவ்வாறு போதும் என்று நானும் முதலில் வியந்தேன். விடை, ஆசிரியனான பிறகு, ஒரு கணித நூலில் கிடைத்தது. டென்மார்க்கு நாட்டின் அக்னர் எர்லாங் என்னும் அறிஞர் கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றியபோது, 1909இலும் 1917இலும் வெளியிட்ட ஆய்வுகளில் இக்கணக்கை வகுத்தார். தொலைபேசிப் போக்குவரத்தின் அலகுக்கு 1946இல் அவர் பெயரையே சூட்டினார்கள். நெருக்கடியான ஒரு மணி நேரத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு அழைப்புகள், ஒவ்வொன்றும் மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். கம்பி கிடைக்காதவர் மீண்டும் முயலவில்லை என்றும் கொள்வோம். ஐவரும் ஆளுக்கொரு கம்பி வைத்திருந்தால், ஏறத்தாழ பதினோர் அழைப்புகளில் ஒன்று தடைப்படும். ஐவரும் சேர்ந்து இரண்டே கம்பிகளைப் பகிர்ந்துகொண்டால், பதின்மூன்றில் ஒன்றுதான் தடைப்படும். மூன்று கம்பிகளாக்கினால், எழுபத்தொன்பதில் ஒன்று. அதாவது, ஐந்து தனிக்கம்பிகளைவிட இரண்டு பொதுக்கம்பிகள் மேலானவை. ஒருவர் பேசாத நேரம் மற்றவருக்கு உதவுகிறது, அவ்வளவுதான் இரகசியம். கூட்டு வாழ்வுக்கு இதைவிடத் தெளிவான கணக்கை நான் கண்டதில்லை.

ஆனால் எர்லாங்கின் கணக்கு கம்பியைப் பற்றியது, கட்டணத்தைப் பற்றியதன்று. கம்பியைப் பகிர்ந்துகொள்ளக் கணிதம் போதும். கட்டணத்தைப் பகிர்ந்துகொள்ள நாணயம் வேண்டும்.

இலாகாவின் இயக்குநர் வழியே பேசும் தொலைதூர அழைப்புகள் கட்டணச் சீட்டில் தனித்தனியே காணப்படும். நாமே எண்ணைச் சுழற்றி நேரடியாகப் பேசுபவை அப்படியல்ல. அவை மீட்டரில் ஓடி, மாத முடிவில் ஒரே தொகையாக வந்து நிற்கும். எந்த ஊருக்கு, எந்த நாளில், யார் பேசியது என்று சீட்டு சொல்லாது. ஆகவே பலகையின் அருகில் ஒரு குறிப்பேடு இருந்தது. தொலைதூர அழைப்பு ஒவ்வொன்றையும் நான் அதில் எழுத வேண்டும்.

மாலை ஐந்தரைக்கு என் வேலை முடியும். போகுமுன் ஒரு வெளிக்கம்பியை ஏதேனும் ஓர் அறையோடு கயிற்றால் பிணைத்துவிட்டுச் செல்வேன். இதை இரவு இணைப்பு என்போம். அந்த அறைக்காரர் பலகையின் துணையின்றி நேரே வெளியில் பேசலாம். வரும் அழைப்புகளும் அங்கேயே ஒலிக்கும். அது ஐந்தாம் அறைக்கு உரியது என்பது பொது உடன்பாடு. ஏனெனில் முதியவர் நூற்கட்டுகளைக் கட்டி முடிக்க இரவு ஒன்பது மணி ஆகும். அதுவரை மற்ற நால்வருக்கும் வரும் அழைப்புகளைக் கேட்டு, துண்டுத்தாள்களில் அழகிய கையெழுத்தில் எழுதி, காலையில் அவரவர் கதவின் அடியில் செருகி வைப்பார். அதற்காக அவர் ஒரு காசும் பெற்றதில்லை.

செப்டம்பர் மாதத்தில் ஒரு மாலை, காப்புறுதி முகவர் என்னிடம் வந்தார். "தம்பி, இன்றைக்கு இரவு இணைப்பை என் அறைக்குக் கொடுத்துவிட்டுப் போ. பினாங்கில் ஒரு வாடிக்கையாளரிடம் பேச வேண்டும். குறிப்பேட்டில் நானே எழுதிவிடுகிறேன்" என்றார். அவர் இனிமையாகப் பழகுபவர். எனக்கு அடிக்கடி நாசி லெமாக்கும் தே தாரிக்கும் வாங்கித் தருபவர். பெரியவரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு இணைப்பை மாற்றினேன். பிறகு அது வாரத்தில் இரண்டு மூன்று இரவுகளாயிற்று. "சரி தம்பி" என்பதைத் தவிரப் பெரியவர் வேறொன்றும் கேட்டதில்லை. முகவர் எழுதினாரா என்று குறிப்பேட்டைப் புரட்டிப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதைவிட, பார்க்க விரும்பவில்லை என்பதே உண்மை.

நவம்பரில் கட்டணச் சீட்டு வந்தது. குறிப்பேட்டில் இருந்த தொகையைக் கழித்த பின்னும் 186 வெள்ளி மிஞ்சி நின்றது. அது என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம்.

செட்டியார் ஐவரையும் கூட்டினார். நானும் ஓர் ஓரமாக நின்றேன். பகலில் பேசியவை எல்லாம் என் கையெழுத்தில் இருக்கின்றன. ஆகவே மிஞ்சியது இரவில் பேசியதாகத்தான் இருக்க வேண்டும் என்றார் வழக்குரைஞர். இரவு இணைப்பு யாருக்கு என்று தவுக்கே கேட்டார். எல்லாக் கண்களும் பெரியவர் பக்கம் திரும்பின. "நான் பேசவில்லை" என்று அவர் ஒரே ஒரு முறை சொன்னார். பிறகு என்னை நோக்கினார். காப்புறுதி முகவரும் என்னை நோக்கினார். நான் தரையை நோக்கினேன்.

என் மௌனத்துக்குக் காரணம் கூறலாம். வேலை போய்விடுமே என்ற அச்சம். வீட்டுக்கு அனுப்பும் பணம் நின்றுவிடுமே என்ற கவலை. அவை பொய்யல்ல. ஆனால் அவற்றுக்கு அடியில், வாங்கி உண்ட பலகாரங்களின் கடனும் இருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அன்று பழி ஐந்தாம் அறைக்குப் போயிற்று. பாவம் பலகையின் அருகிலேயே நின்றுகொண்டிருந்தது.

பெரியவர் வாதாடவில்லை. மூன்று தவணைகளில் செலுத்துவதாக ஒப்புக்கொண்டார். அதோடு, தம் அறையின் இணைப்பையும் எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டார். அப்பொழுது பள்ளி ஆண்டு சனவரியில் தொடங்கும். தலைமையாசிரியர்கள் நூல்களுக்குச் சொல்லி அனுப்புவது நவம்பரிலும் டிசம்பரிலுமே. ஆண்டு முழுவதும் அவர் காத்திருந்த பருவத்தில், அவருடைய தொலைபேசி ஊமையாயிற்று.

முதல் தவணையான 62 வெள்ளியை அவர் செட்டியாரின் கிராணியிடம் எண்ணிக் கொடுத்தபோது நான் பார்த்தேன். பாதிக்கு மேல் ஒற்றை வெள்ளித் தாள்கள், மீதம் சில்லறை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் மாலை அவர் அறைக்குச் சென்றேன். சணற்கயிற்றால் ஒரு நூற்கட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் முடிச்சை இறுக்கி முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு சொன்னார்:

"தம்பி, இதை என்னிடம் சொல்லி என்ன பயன்? நான் பேசவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரியாதவர்கள் வேறு இருக்கிறார்கள்."

அவர் என்னைக் கடிந்திருந்தால் அழுதுவிட்டு ஆறுதலோடு போயிருப்பேன். அதற்கும் அவர் இடம் தரவில்லை.

மறுநாட்காலை செட்டியாரிடம் சொன்னேன். முகவர் முதலில் மறுத்தார். எந்தெந்த மாலைகளில் இணைப்பை மாற்றினேன் என்று நினைவில் இருந்தவற்றைச் சொல்லச் சொல்ல, அவர் குரல் தணிந்தது. முழுத் தொகையையும் அவரே கட்டினார். பெரியவரின் 62 வெள்ளி அவருக்குத் திருப்பித் தரப்பட்டது. செட்டியார் என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. "எழுதாமல் விட்ட வரிதான் அப்பா, கடையை முழுகடிக்கும்" என்று மட்டும் சொன்னார். அன்றுமுதல் இரவு இணைப்பு யாருக்கு என்பதைப் பெறுபவரும் நானும் கையொப்பமிட்டு எழுதும் முறை வந்தது.

இணைப்பை மீண்டும் பெற்றுக்கொள்ளும்படி பெரியவரைப் பலமுறை வேண்டினோம். தவுக்கேயே நேரில் வந்து கேட்டார். "தபால் போதும்" என்று அவர் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். இரவில் அழைப்புகளைக் கேட்டு எழுதி வைக்க ஆள் இல்லாமல் போயிற்று. நால்வரும் எத்தனை அழைப்புகளை இழந்தார்களோ, அதை எந்தக் குறிப்பேடும் சொல்லாது. தோட்டங்களிலிருந்து தலைமையாசிரியர்கள் அவரைக் கேட்டு அழைப்பார்கள். நான் செய்தியைத் தாளில் எழுதி, ஓடிப்போய் அவர் கையில் கொடுப்பேன். அவர் எழுதுவதைப் போலவே அழகாக எழுத முயன்றேன், இயலவில்லை. பலகையின் ஐந்தாம் துளை, நான் அங்கிருந்து விடைபெறும்வரை வெறுமையாகவே இருந்தது. அதன் மேலிருந்த மூடி ஒருநாளும் விழவில்லை.

காலம் மாறிவிட்டது. 1987இல் தொலைபேசிச் சேவை இலாகாவின் கையிலிருந்து நிறுவனமொன்றின் கைக்கு மாறியது. கயிறும் துளையும் கொண்ட பலகைகள் மறைந்து, ஒவ்வோர் அழைப்பின் எண்ணையும் நேரத்தையும் தாமே பதிந்துகொள்ளும் கருவிகள் வந்தன. இன்று சட்டைப்பையிலேயே தொலைபேசி இருக்கிறது. இடையில் ஆள் இல்லை. ஸ்ட்ரோஜரின் விருப்பம் நிறைவேறிவிட்டது. ஆயினும் பகிர்ந்துகொள்ள வேண்டியவை குறையவில்லை. ஆசிரியர் அறையில் ஒரே நகலெடுக்கும் பொறி, ஒரே இணையத் தொடர்பு, ஒரே தேநீர்ப் பணப்பெட்டி. கணக்கு இடிக்கும்போதெல்லாம், அங்கிருப்பவர்களுள் எளியவர் பக்கம் கண்கள் திரும்புவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு நானும் ஒரு தோட்டப்பள்ளிக்குத் தலைமையாசிரியரானேன். பள்ளிக்கு ஒரே தொலைபேசி. அது என் மேசைமீது. பொறுப்பேற்ற முதல் நாளே ஒரு குறிப்பேடு வாங்கி அதன் அருகில் வைத்தேன். ஆசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புதியவர் நம்மை ஐயுறுகிறார் என்று எண்ணியிருக்கலாம். நான் ஒன்றும் விளக்கவில்லை. அன்று காலை, நலமாக வந்து சேர்ந்ததை வீட்டுக்குச் சொல்ல நானே பேசியிருந்தேன். குறிப்பேட்டைத் திறந்து, முதல் வரியில் நாளும் நேரமும் ஊரும் எழுதி, என் பெயரைக் கையொப்பமிட்டேன்.